மேட்டூரில் எத்தனை அடி?

போன ஆடி மாதம் ஒரு நாள் காலை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாற்றங்கரையை ஒட்டிய டீக்கடை. மணி ஆறு தாண்டியிருக்கும். முதல் சுற்று டீ முடிந்து பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவருடைய போனில் வாட்ஸ்அப் சத்தம் வந்தது. அவர் ஒலியைக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் நீட்டினார். மூச்சு வாங்கியபடி ஒரு ஆண்குரல்: “மேட்டூர் நெரம்பிருச்சு. கொள்ளிடத்துல ரெண்டு லட்சம் கனஅடி தொறந்துட்டாங்க. கரையோரம் இருக்கறவங்க ஆடு மாட்ட அவுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிருங்க. யாரும் ஆத்துல எறங்காதீங்க.” கேட்டதும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அதில் ஒருவருடைய மகளைக் கொள்ளிடக் கரையில் இருக்கும் அணைக்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “சரிப்பா, இது என்னிக்குச் சொன்னது?”

யாருக்கும் தெரியவில்லை. போன்காரருக்கு அவருடைய மச்சான் அனுப்பியிருக்கிறார். மச்சானுக்கு யாரோ. திரும்பவும் போட்டுக் கேட்டோம். பேசியவர் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, தேதியும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் கடைசியில் அவசரமாக வந்து விழுந்த ஒரு வரி பிடிபட்டது: “முக்கொம்புலயும் மதகு ஒடஞ்சு போச்சாம்.” திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனது 2018 ஆகஸ்ட் 22 இரவு. அந்த இடத்தில் இப்போது புதிய கதவணையே கட்டியாகிவிட்டது. அப்புறம்தான் எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. பேசிய அன்று அது உண்மை. முகம் தெரியாத யாரோ ஒருவர், ஆறு பெருகி வருவதைப் பார்த்துப் பதறி, நாலு பேர் பிழைக்கட்டும் என்று பேசியது. அந்தப் பதற்றம் அப்படியே குரலில் தங்கிவிட்டது, தேதி மட்டும் உதிர்ந்துவிட்டது. டிஜிட்டல் தொழில்நுட்பம் டெல்டாவில் என்ன செய்திருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலைதான்.

பொதுவாக இந்த மாற்றத்தைத் திரையின் கதையாகச் சொல்வார்கள். பேப்பர் போய் போன் வந்தது, கடிதம் போய் குறுஞ்செய்தி வந்தது என்பார்கள். காவிரிப் படுகையில் நான் பார்த்தவரை இது குரலின் கதை. ஒரு காலத்தில் ரேடியோ வழியாக வந்த குரல், இடையில் கேசட்டில் ஏறி, இன்று வாட்ஸ்அப் குரல்பதிவாக வந்து நிற்கிறது. எழுத்து இங்கே நடுவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். அது ஏன் அப்படி ஆனது, அதனால் என்ன கிடைத்தது, என்ன கைநழுவியது என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

ரேடியோ நெல்லு

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. மத்திய அலை, 936 கிலோஹெர்ட்ஸ். மேட்டூர் அணை அதற்கு 5 வருடம் மூத்தது. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இந்த இரண்டு எண்களும் டெல்டாவில் பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் மனப்பாடம். ரேடியோச் செய்தியில் அணையின் நீர்மட்டம் சொல்லும் நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எண்ணைக் கேட்டதும் அப்பாயி விரலை மடக்கி ஏதோ கணக்குப் போடுவார்கள். ஜூன் 12 தண்ணீர் திறக்க வேண்டிய நாள். அதற்குள் 90 அடியாவது இருந்தால் குறுவை என்கிற முதல் போக நெல் உண்டு. இல்லையென்றால் அந்த வருடம் சம்பா மட்டும். ஒரு வீட்டின் கல்யாணம், கடன், பையனின் படிப்பு எல்லாம் அந்த ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதற்கு ஒரு நெல் ரகமே சாட்சி. 1960இல் மத்திய அரசின் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சாவூரில் தொடங்கியது. நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்து அப்போது ஒரே மாவட்டம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், 1922இலிருந்து இயங்கி வருவது, ஜப்பானிய ரகமான நோரின் 10ஐயும் நம்மூர் ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டுச் சேர்த்து ஆடுதுறை 27 என்ற குறுகிய காலப் பயிரைக் கொண்டுவந்தது. குறுவைக்குக் கச்சிதமான ரகம். 1960களின் நடுவில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அதைப் பற்றி விடாமல் பேசின. நாற்றங்கால் எப்படி, உரம் எத்தனை கிலோ, எப்போது களை எடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஜனங்கள் ஆடுதுறை 27 என்ற பெயரை விட்டுவிட்டு ‘ரேடியோ நெல்லு’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஊடகத்தின் பெயரை ஒரு பயிருக்கு வைத்த ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்குமா தெரியாது. எனக்கு இதில் பெருமைதான்.

குரல் ஒன்று காற்றில் வந்து சொன்னவுடன் விவசாயி விதையை மாற்றிவிடவில்லை. ரேடியோ சொன்னதை மறுநாள் சைக்கிளில் வந்த கிராம சேவக் என்ற அரசு ஊழியரிடம் கேட்க முடிந்தது. விதை எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். சொன்னது தப்பாகப் போனால் அவரை வயலுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். நிலையத்துக்குக் கடிதம் போட்டால் அதையும் ரேடியோவில் படித்து பதில் சொல்வார்கள். காற்றில் வந்த குரலுக்குத் தரையில் ஒரு ஆள் இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருகிறேன்.

கடலோரத்தில் இன்னொரு குரலும் உண்டு. வேதாரண்யம், நாகை, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் இலங்கை வானொலி திருச்சியைவிடத் தெளிவாகக் கேட்கும். 1982இல் ரூபவாஹினி வந்த பிறகு, உயரமான மூங்கிலில் ஆன்டெனா கட்டி இலங்கை டிவி பார்த்தார்கள். பிறகு காரைக்கால் பண்பலை 100.3 வந்தது. இன்றும் நடவு வயலில் யாராவது ரேடியோ வைத்திருந்தால் பெரும்பாலும் அதுதான் பாடிக்கொண்டிருக்கும்.

நடந்து போய்ச் சொன்னவர்கள்

பழைய காலத்துத் தகவல் முறைகளைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் ஒரு ஏக்கம் வந்துவிடுகிறது. தமுக்கு அடித்தார்கள், ஆள் அனுப்பிச் சொன்னார்கள், என்ன நெருக்கம் என்கிறார்கள். அந்த ஆள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் இழவு சொல்லி ஊர் ஊராக நடந்தவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். ராத்திரி என்றாலும் மழை என்றாலும் போயே ஆக வேண்டும். போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். தமுக்கும் அப்படித்தான். மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது கீழத்தஞ்சையின் வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வேலையை எதிர்த்து நின்ற இயக்கங்கள் ஒரு பக்கம். போன் வந்தது இன்னொரு பக்கம். இப்போது சாவுச் செய்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகிறது, போட்டோவோடும் எடுக்கும் நேரத்தோடும். கைபேசி இந்த மண்ணுக்குச் செய்த நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஒருவருடைய கால்களைச் செய்திக்கு வாகனமாக்கிய முறை போய்த் தொலைந்ததில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை.

கேசட்டில் வந்த அத்தா

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர். இந்த ஊர்களில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். முதலில் பர்மா, மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா. கடிதம் வந்து சேர இரண்டு வாரம். ட்ரங்கால் போட்டால் செலவு தாங்காது. படிக்கத் தெரியாத மனைவிக்கு வரும் கடிதத்தை வேறொருவர் படித்துக்காட்ட வேண்டும், அந்த வேறொருவர் காதில் விழக்கூடாத விஷயங்கள் அதில் இருக்கும். அதற்கு வழியாக வந்ததுதான் கேசட். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கூத்தாநல்லூரில் என் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி 11 கேசட்டுகள் இருக்கின்றன. 1980களில் குவைத்திலிருந்து அவருடைய அத்தா, அதாவது அப்பா, பேசி அனுப்பியவையும் உண்டு, இங்கிருந்து அம்மா பேசி அனுப்பி, அத்தா ஊர் திரும்பும்போது பத்திரமாகக் கொண்டுவந்தவையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் திருவாரூரில் ஒரு கடையில் கொடுத்து அவற்றை போனில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை என்னைக் கேட்கச் சொன்னார். அம்மாவின் குரல். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது, ஓடு மாற்றியது, யார் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பேச ஒன்றும் இல்லாமல் போகிறது. டேப் மட்டும் ஓடுகிறது. காக்கா கத்துகிறது. கைப்பம்பு அடிக்கிற சத்தம். தூரத்தில் அஸர் தொழுகைக்கான பாங்கு. இரண்டு நிமிடம் போல அப்படியே ஓடி, பிறகு அம்மா மெதுவாகச் சொல்கிறார்: “நம்ம வீட்டு சத்தம்தான். கேட்டுக்கிட்டு இருங்க.” நண்பருடைய அத்தாவுக்கு இப்போது 80 வயதுக்கு மேல். அம்மா இல்லை. அவர் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் அந்த இடத்தைத்தான் கேட்கிறாராம்.

இதே ஊர்களில் இன்று குரல்பதிவு இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாக அழைத்துப் பேசப் பல வருடங்களாகத் தடை. சவூதியில் இணைய அழைப்புத் தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தினார்கள். தடை அழைப்புக்குத்தான், பதிந்து அனுப்பும் குரலுக்கு இல்லை. அதனால் துபாய்க்காரர்கள் வீடியோ அழைப்புக்கு ஐஎம்ஓ, போட்டிம் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருந்த காலத்திலும், குரல்பதிவு மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேலை முடிந்து அறைக்கு வந்தவர் அங்கே கேட்பார், விடிந்ததும் இவர்கள் இங்கே கேட்பார்கள். கேசட் போன அதே பாதை, இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு விநாடி.

எழுத்து ஏன் நிற்கவில்லை

இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்கிப் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் பழியைப் பெரும்பாலும் ஜனங்கள் மேல் போட்டுவிடுகிறார்கள். படிப்பறிவு குறைவு என்கிறார்கள். தமிழ்நாட்டில் அது முழுக் காரணம் ஆகாது. தொழில்நுட்பம் தமிழுக்கு வைத்த தடைகள் நிறைய.

குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழ் யூனிகோடில் அனுப்பினால் 70தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. ‘தண்ணி வந்துருச்சு’ என்று எழுதினால் நமக்கு அது 9 எழுத்து. கணினிக்குப் புள்ளி தனி, இகரக் குறி தனி, உகரக் குறி தனி, இடைவெளியும் ஒன்று. ஆக மொத்தம் 17. நாலு தடவை ‘தண்ணி வந்துருச்சு’ என்று சொன்னால் ஒரு செய்தி தீர்ந்துபோகும். செய்திக்கு இத்தனை காசு என்று கட்டணம் போட்ட காலத்தில் தமிழில் அனுப்பியவர் இரட்டிப்புச் செலவு செய்தார். அதுவும் பாதி போன்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் இங்கிருந்துதான் ஊன்றியது. தமிழ்நாடு அரசு 1999இல் சென்னை இணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. நல்ல அமைப்பு, நானும் அதில்தான் தட்டுகிறேன். ஆனால் கைபேசி கிராமத்துக்கு வந்தபோது அதில் தமிழ்99 இல்லை, எண்பொத்தான்கள்தான் இருந்தன.

இரண்டாவது தடை இன்னும் பழையது. நாம் பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் வேறு வேறு. ‘தண்ணி வந்துருச்சு’ என்று பேசுகிறவர் பேனாவை எடுத்ததும் ‘தண்ணீர் வந்துவிட்டது’ என்று மாற வேண்டும். கடிதம் எழுதும்போது ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதினோம். மகனிடம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்க அந்தச் சட்டை எதற்கு? குடவாசல் பக்கம் இருக்கும் என் பெரியம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர், தினமும் பேப்பர் படிக்கிறவர். ஆனால் போனில் ஒரு வரி தட்ட மாட்டார். ஏன் என்று கேட்டேன். “ழ போடறதா ள போடறதான்னு சந்தேகம் வந்துரும்டா. தப்பா எழுதுனா பேரப்புள்ளைவொ சிரிக்கும். பேசுனா யாரு சிரிப்பா?” என்றார்.

வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது 2013இல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்தது. 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தேடல் தமிழையும் கேட்க ஆரம்பித்தது. இந்த மூன்றும் சேர்ந்ததும் பெரியம்மா போன்ற லட்சக்கணக்கானவர்கள் எழுத்து என்ற படியை மிதிக்காமலேயே இணையத்துக்குள் வந்துவிட்டார்கள். கட்டை விரலை மைக் படத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்கு நேராக வைத்து, பெரியம்மா பெங்களூர்ப் பேத்தியிடம் பேசுவார். முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் “சரி, வச்சிரட்டா?” என்று கேட்டுவிட்டு ஒரு விநாடி காத்திருப்பார். பிறகுதான் விரலை எடுப்பார். பேத்தி அந்தப் பக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காமல் வைக்க மனசு வராது.

தண்ணீருக்கு முன்னால் செய்தி

விவசாயத்துக்கு இது கொண்டுவந்த லாபத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். முன்பெல்லாம் தண்ணீர் வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு வரும்போதுதான் செய்தியும் வரும். இப்போது செய்தி பத்து நாள் முந்தி வந்துவிடுகிறது. நீர்வரத்து எத்தனை, திறப்பு எத்தனை, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் எந்த ஆற்றுக்கு எத்தனை கனஅடி என்று காலை டீக்கு முன் தெரிந்துவிடும். 2024இல் ஜூன் 12 கடந்து, ஜூலை 28 அன்றுதான் மேட்டூரைத் திறந்தார்கள். அந்த ஏழு வாரமும் கர்நாடக அணைகளின் நீர்வரத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து, நாற்று விடலாமா நேரடி விதைப்புக்குப் போகலாமா என்று முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைமடைக்காரர்களுக்கு இதில் இன்னொரு பலமும் கிடைத்தது. மேலே முறை வைத்துத் தண்ணீர் விடுவதாகச் சொல்வார்கள், கீழே வாய்க்கால் காய்ந்து கிடக்கும். முன்பு மனு எழுதி, பஸ் ஏறி, அலுவலக வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, வெடித்துக் கிடக்கும் மண்ணைக் காட்டி, ஒரு நிமிட வீடியோவைப் பாசன அதிகாரிகள் இருக்கும் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். உடனே தண்ணீர் வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் ‘உங்கள் பகுதிக்குத் தண்ணீர் போய்விட்டதே’ என்று இனி யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

கடலிலும் இப்படித்தான். 2004 டிசம்பர் 26 அன்று நாகையில் அலை வந்தபோது எச்சரிக்க ஒரு குரல்கூட இல்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே ஒரு செயலி உருவாக்கியது. அலை உயரம், காற்று வேகம், மீன் எங்கே கிடைக்கலாம் என்பதெல்லாம் இன்று படகிலேயே தெரிகிறது.

ஆனால் 2018 இன்னொன்றையும் காட்டியது. ஆகஸ்டில் முக்கொம்பு மதகு உடைந்த காட்சி, விடிவதற்குள் டெல்டா முழுக்க எல்லோர் போனிலும் இருந்தது. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவில் கரையேறியது. செல்போன் கோபுரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் போயின, பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. எல்லோர் கையிலும் போன் இருந்தது, ஒருவரோடும் பேச முடியவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் சார்ஜ் போட வரிசை. சார்ஜ் ஏறினாலும் சிக்னல் தேடி மொட்டை மாடிக்கும் பாலத்துக்கும் அலைந்தார்கள். என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொன்னது பேட்டரி போட்ட ரேடியோவும், எப்படியோ வந்து சேர்ந்த பேப்பரும்தான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்த லட்சக்கணக்கான தென்னைகளின் படத்தை உலகமே பார்த்துவிட்ட பிறகுதான் அந்தத் தோப்புக்காரர்கள் பார்த்தார்கள்.

தேதி இல்லாத குரல்

இப்போது அந்தக் கிராம சேவக்கிடம் திரும்பலாம். ரேடியோவில் தப்பாகச் சொன்னால் அடுத்த செய்தியில் திருத்துவார்கள். பேப்பரில் தப்பு வந்தால் மறுநாள் ‘திருத்தம்’ என்று ஒரு கட்டம் வரும். யாரிடம் கேட்பது என்று தெரியும். குரல்பதிவுக்கு இதெல்லாம் கிடையாது. தலைப்பு இல்லை, தேதி இல்லை, தேடினால் அகப்படாது. ஒரு பேப்பர் துண்டைக் கண்ணால் ஓட்டி ‘இது பழசு’ என்று சொல்லிவிடலாம். குரலை முழுக்க உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும், கேட்டு முடிப்பதற்குள் வயிற்றில் பயம் இறங்கிவிடும். நம்ம ஊர்ப் பேச்சில், நம்ம வீட்டு அண்ணன் மாதிரி ஒருவர் பதறிச் சொன்னால் நம்பாமல் எப்படி இருப்பது?

நிறுவனத்தாலும் ஓரளவுக்கு மேல் முடியாது. 2016இலிருந்து வாட்ஸ்அப்பில் போவதெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் போகிறது. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தவிர நிறுவனத்துக்கே உள்ளே என்ன என்று தெரியாது. அந்தரங்கத்துக்கு அது அவசியம், நான் அதற்கு எதிரி இல்லை. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் ஒரே நேரத்தில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அப்படி வரும் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அன்றைக்கு டீக்கடையில் வந்ததிலும் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. ஜனங்கள் குரலில் பேசுகிறார்கள், ஆனால் அரசாங்கமும் வங்கியும் அவர்களிடம் எழுத்தில், அதுவும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பேசுகின்றன. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில் பதிய வேண்டும். சர்வே எண், ஆதார், வங்கிக் கணக்கு, வி.ஏ.ஓ. ஒப்புதல், போனுக்கு வரும் ஓடிபி. போன அறுவடையில் எங்கள் நெல்லுக்கு எந்தத் தேதியில் வரலாம் என்ற தகவல் அப்பாவின் போனுக்கு வந்திருக்கிறது. கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் ஆங்கிலச் செய்திகளின் நடுவில் அதுவும் கிடந்திருக்கிறது. நாங்கள் பார்த்தபோது இரண்டு நாள் தாண்டிவிட்டது. மறுபடி பதிந்து காத்திருந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. படுதா போட்டும் ஈரம், நிலையத்தில் ஏற்கிற 17 சதவீதத்தைத் தாண்டிப் போனது. களத்தில் கொட்டி மறுபடி காயவைத்தோம். அதே தகவலை ஒரு குரல் தமிழில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அப்பா அன்றைக்கே டிராக்டர் பிடித்திருப்பார்.

அதைவிடப் பயமாக இருந்தது கணினி மையத்தில் பார்த்த காட்சி. விதவை உதவித்தொகைக்குப் பதிய வந்த ஒரு அம்மா, போனைத் தெரியாத ஒருவரிடம் நீட்டி, “தம்பி, ஆறு நம்பர் வந்திருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா” என்று கேட்டார். யாருக்கும் சொல்லக்கூடாத எண் அது. அவருக்கு அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. இணைய மோசடி நடந்தால் கூப்பிட வேண்டிய எண் 1930. 

பொழுதுபோக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1993இல் சன் டிவி, 2006இலிருந்து இலவசக் கலர் டிவி, இப்போது ஆளுக்கொரு போன். டிக்டாக்கை 2020 ஜூனில் தடை செய்தபோது, நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடிப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் யூடியூபுக்கு மாறினார்கள். திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்னக் கீர்த்தனை பாடும்போது ஒரு காலத்தில் அக்ரஹாரத்து ரேடியோக்களில் கேட்டது, இன்று வீட்டில் யார் வேண்டுமானாலும் நேரலையில் பார்க்கலாம். இதெல்லாம் நல்லதுதான். சேர்ந்து கேட்பது மட்டும் குறைந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பழைய குரல்பதிவை அவரவர் தனித்தனியே இயர்போனில் கேட்டிருந்தால் ‘என்னிக்குச் சொன்னது’ என்று கேட்க அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார்.

அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பாசனக் குழுவில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். குரல்பதிவு போடுகிறவர் முதலில் நாளும் இடமும் பெயரும் சொல்ல வேண்டும். இல்லாததை யாரும் அடுத்த குழுவுக்குத் தள்ளக் கூடாது. பெரியவர்தான் இதில் கறார். ஆரம்பத்தில் பையன்கள் சங்கடப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது. பெரியவர் தன்னுடைய பேரன் போனை வாங்கி, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி குரலைச் செருமிக்கொண்டு பதிந்தது இன்னும் என் போனில் இருக்கிறது: “இன்னிக்கு ஆடி மூணு, சனிக்கெழம, காலம்பர ஆறு மணி. மூணாறு தலைப்புலேந்து நாந்தான் பேசறேன். கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். வெண்ணாத்துல தண்ணி ரெண்டு படி ஏறியிருக்கு.”